மேகலா எழுதாத பதினைந்து அறிக்கைகள்

ராயபுரத்தில் இறங்கிய பத்து நிமிடத்துக்குள் என்னை இரண்டு பேர் மலையாளமா என்று கேட்டுவிட்டார்கள். ஒருவர் ஆட்டோக்காரர், மற்றவர் டீக்கடைக்காரர். மட்டக்களப்பில் பிறந்து, ஐம்பத்தொரு வயது வரை தமிழைத் தவிர வேறு மொழியில் சண்டைகூடப் பிடித்திராத என்னிடம் இப்படிக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? தமிழ்தான் என்றேன். டீக்கடைக்காரர் நம்பவில்லை. நான் பேசுவது கேட்க நன்றாக இருக்கிறதாம், ஆனால் தமிழ் மாதிரி இல்லையாம். அவர் பேசியதில் எனக்குப் பாதி விளங்கவில்லை என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

நான் ஊரில் உளசமூகப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கிறவள். போரில் ஆளை இழந்த வீடு, அலையில் வீட்டையே இழந்த ஆள், இவர்களிடம் எப்படிப் போய் உட்காருவது, எதைக் கேட்பது, எதைக் கேட்கவே கூடாது என்று இளம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சுனாமிக்கு அடுத்த வருடம், வடசென்னையில் ஒரு கல்லூரியின் சமூகப்பணித் துறை என்னை மூன்று நாளுக்கு அழைத்தது. முதுகலை இறுதியாண்டுப் பிள்ளைகளின் களப்பணி வாய்மொழித் தேர்வில் நான் வெளித்தேர்வாளர். துறைத்தலைவி, களப்பணி ஒருங்கிணைப்பாளர், நான், மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் வகுப்பின் முடிவு வெளியாகும்.

கல்லூரி விடுதியின் பொறுப்பாளர் என் கடவுச்சீட்டை வாங்கி மூன்று தடவை புரட்டினார். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும், தப்பாக நினைக்க வேண்டாம் என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் சோதனைச் சாவடிகளில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அடையாள அட்டை அடுத்தவர் கையில் இருக்கும் வரை மூச்சு சரியாக வராது. அவர் திருப்பித் தந்த பிறகுதான் காலைச் சாப்பாட்டைப் பற்றி யோசித்தேன்.

சாப்பாடு இட்லியும் வடகறியும். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதி என்றால் உயிரை விடுவோம். வடகறியைப் பார்த்ததும், நேற்றைய வடையை உடைத்துப் போட்டு என்னை ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். ஒரு வாய் வைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். ஜன்னலால் மீன் வாடையும் டீசல் வாடையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

துறையில் என்னை வரவேற்றவர் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஜெயசீலன். நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மேசையில் ஒரு தூசி இல்லை. இருபத்தாறு பிள்ளைகளின் களப்பணிக் கோப்புகளையும் பெயர் வரிசையில் அடுக்கி வைத்திருந்தார். இப்படி ஒரு ஒழுங்கை நான் எங்கள் நிறுவனத்தில் கண்டதே இல்லை, பொறாமையாகத்தான் இருந்தது.

"இருபத்தஞ்சு பேர் பிரச்சனை இல்ல மேடம். ஒரு பொண்ணுதான்" என்று ஒரு கோப்பைத் தனியாக எடுத்து வைத்தார். மேகலா. வாரத்துக்கு ஒன்றாக இருபத்துநான்கு அறிக்கைகள் தர வேண்டும். ஒன்பது தந்திருக்கிறாள், அதோடு நின்றுவிட்டாள். காரணம் கேட்டால் வாயைத் திறப்பதில்லை. விதிப்படி அவள் ஆண்டைத் திரும்பப் படிக்க வேண்டும். திரும்ப வரமாட்டேன் என்று வகுப்பில் சொல்லிவிட்டாளாம். நாளை மறுநாள் மூவரும் கையெழுத்திட்டால் கதை முடிந்தது. கெட்டிக்காரப் பிள்ளை, அதுதான் ஆத்திரம் என்றார்.

கோப்பை அறைக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். இந்தப் படிப்பில் அறிக்கை என்றால் ஒவ்வொரு பக்கமும் மூன்று பத்தி. நாம் போய்ப் பார்த்தவர் பேசியது ஒன்றில், பணியாளர் பேசியது அடுத்ததில், பணியாளர் மனதில் பட்டது மூன்றாவதில். பேசியதைப் பேசிய மாதிரியே எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது. மேகலாவைத் திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போட்டிருந்தார்கள். எட்டு அறிக்கை வரை தகரக் கொட்டகை, தண்ணீர் லாரி, விதவை உதவித்தொகை என்று மணிமணியாக எழுதியிருந்தாள்.

ஒன்பதாவதில், பிள்ளையை இழந்த ஒரு தாய் பேசுகிறாள். "நீதானே இட்டுகினு போனே. நீ மட்டும் இன்னாத்துக்கு திரும்பி வந்தே?" பணியாளர் பேசிய பத்தி வெறுமை. மனதில் பட்டது என்ற பத்தியில் 'ஒன்றுமில்லை' என்று ஒரு சொல். கீழே சிவப்பு மையில் ஜெயசீலன் சாரின் குண்டு எழுத்து: 'இழந்தவர் தன் கோபத்தைப் பணியாளர் மேல் ஏற்றுகிறார். பணியாளர் தொழில்முறைத் தூரத்தை இழந்து மௌனமாகிவிட்டார். ஏன்? விளக்கி மீண்டும் எழுதவும்.'

பாடப்புத்தகப்படி சரியான குறிப்புத்தான். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். எழுதியும் இருக்கிறேன். வாகரையிலிருந்து வந்த றஜனி என்ற பிள்ளைக்கு ஒருமுறை ஏறக்குறைய இதே வசனத்தை எழுதினேன். அடுத்த வாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை, அதற்கடுத்த கிழமையும் இல்லை. ஏன் என்று நான் போய்ப் பார்க்கவும் இல்லை. அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் நாள் என்னைக் குப்பத்துக்கு அழைத்துப் போக மேகலாவையே அனுப்பினார்கள். அவளுக்கு அந்தப் பக்கம்தான் வீடு, சுலபம் என்றார் துறைத்தலைவி. மெலிந்த பிள்ளை, இருபத்திரண்டு வயது, துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊசி குத்தி வைத்திருந்தாள். வணக்கம் மேடம் என்றவள் பிறகு பேசவில்லை. ஷேர் ஆட்டோவில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடித்துத் தந்தாள். அந்த வண்டியில் எங்களோடு பதினோரு பேர், இரண்டு மீன்கூடை.

டோல்கேட்டில் மாட்டிக்கொண்டோம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. முக்கால் மணி நேரம் நகரவில்லை. வெயில் தகரத்தைச் சுட்டது. பின்னால் வந்த ஒரு லாரி எங்கள் வண்டியின் கண்ணாடியை உரசிப் பெயர்த்துவிட, எங்கள் டிரைவர் குதித்து இறங்கினார், லாரி டிரைவரும் இறங்கினார், அந்த ஆள் கையில் ஒரு இரும்புக் கம்பி இருந்தது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். எங்கள் ஊரில் கம்பியைக் கண்டால் கடைகள் சாத்தப்படும். இங்கே யாரும் அசையவில்லை, நான்தான் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

மேகலா இறங்கிப் போனாள். "அண்ணே, கண்ணாடி போனா போட்டுக்கலாம். வண்டிக்குள்ள வயசானவங்க கீறாங்க, வெயில்ல மயக்கம் வந்துகினு கீது. வண்டிய எடுங்க நைனா" என்றாள். உரக்கக்கூடச் சொல்லவில்லை. இரண்டு பேரும் முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிட்டார்கள். வயசானவங்க என்றது என்னைத்தான் என்று பிறகுதான் உறைத்தது. ஆனாலும் சபாஷ் போட்டேன். இந்த வேலைக்கென்றே பிறந்த பிள்ளை இது.

குப்பத்தில் கடலுக்கும் வீதிக்கும் நடுவே பாறாங்கல்லைக் கொட்டி மதில் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் தகரக் கொட்டகைகள், அந்தப் பக்கம் தொலைவில் எண்ணூர்ப் புகைபோக்கிகள். எங்கள் கல்லடிக் கடற்கரையில் இன்னும் தென்னை நிற்கிறது, இங்கே நிழலுக்கு ஒரு செடி இல்லை. ஒரு கொட்டகை வாசலில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்த பெண் எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எனக்குப் பாய் போட்டாள். மேகலாவை அவள் பார்க்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். முப்பது வருட அனுபவம், உலகத்துக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள், உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில், கேட்கவே கூடாத அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். அலை வந்த அன்று காலை எங்கே நின்றீர்கள் என்று. என் வாயிலிருந்து அது பழக்கத்தில் வந்தது.

அந்தப் பெண் கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "ஞாயித்துக்கெழம. நானு சோறு வடிச்சிகினு இருந்தேன். பொண்ணுக்கு எட்டு வயசு. எங்க அக்கா பொண்ணு அத கரைக்கு இட்டுகினு போச்சு, வலைல மீன் வந்துக்குதான்னு பாக்க. தண்ணி வந்துச்சு. அக்கா பொண்ணு வந்துச்சு. எம் பொண்ணு வர்ல." நிறுத்திவிட்டு, இதற்கு ஏதாவது நிவாரண ஃபாரம் தருவீர்களா, போட்டோ வேண்டுமா என்று கேட்டாள். எத்தனை பேர் வந்து கேட்டிருந்தால் இப்படி ஒப்பிக்க வந்திருக்கும் என்று நினைத்தேன், என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பிறகுதான் மேகலாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கல் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு விளங்கிவிட்டது. அக்கா பொண்ணு யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாவது அறிக்கையில் யாரும் யார் மேலும் எதையும் ஏற்றவில்லை. ஒரு சித்தி தன் அக்கா மகளிடம் கேட்டதை அந்த அக்கா மகள் விதிப்படி அப்படியே எழுதியிருக்கிறாள்.

அந்தச் சித்தி எங்களுக்குச் சோறு போட்டாள். எனக்கு மீன் எடுத்து வைத்தாள், மேகலாவின் தட்டிலும் பெரிய துண்டாக ஒன்று வைத்தாள். வைக்கும்போதும் பேசவில்லை. நான் மரியாதைக்காகச் சாப்பிட்டேன். மேகலா தட்டைத் துப்புரவாகச் சாப்பிட்டு முடித்தாள்.

வீதிக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவளே பேசினாள். அறிவிப்புப் பலகையில் தன் பெயருக்கு நேரே குப்பத்தின் பெயரைப் பார்த்தபோது சாரிடம் போய் நின்றாளாம். அவள் வாயைத் திறப்பதற்குள், உனக்கு பாஷை தெரியும், ஆட்கள் தெரியும், உன் அதிர்ஷ்டம் என்றாராம். அன்று காலை அவளும் கரையில் நின்றது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, அவள் தப்பித்தவள்தானே.

"நடந்த நாள்லேர்ந்து சித்தி என்கூட பேசறதில்ல மேடம். ஃபைல எடுத்துகினு, காலேஜ்லேர்ந்து வந்துக்கறேன்னு உக்காந்தா பேசும். அதுக்காகவே எட்டு வாரம் போனேன்" என்றாள். ஒன்பதாவது வாரம் சித்தி கேட்டுவிட்டாள். அதையும் எழுதினாள். சிவப்பு மையில் திரும்பி வந்தது.

நான் உடனே, இதைச் சாரிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள், வலிக்கும்படி பிடித்தாள்.

"சொல்லாதீங்க மேடம். சொன்னா பாவம்னு பாஸ் போடுவாங்க. டிபார்ட்மென்ட்டு ஃபுல்லா தெரியும். அடுத்த வருசம் ஜூனியருங்களுக்கு என்னையே கேஸா வெச்சு பாடம் எடுப்பாங்க. அதுக்கு நான் ஃபெயிலே ஆவறேன்."

"நான் ஒருத்தரிட்டயும் சொல்ல மாட்டன் பிள்ளை" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியது. அவளைக் காப்பாற்ற என்னிடம் இருந்த ஒரே சொல்லை நானே பூட்டிக்கொண்டேன். திரும்பும் வழியில் காசிமேட்டில் வஞ்சிரம் வஞ்சிரம் என்று கூவினார்கள். எங்கள் ஊரில் அது அறக்குளா. வேறு நாளாக இருந்தால் இறங்கி விலை கேட்டிருப்பேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தேர்வு. இருபத்தைந்து பேர் வந்து போனார்கள். சமோசாவும் காப்பியும் வந்தன. மதியம் ஒன்றரைக்கு மேகலாவின் கோப்பு மேசைக்கு வந்தது. துறைத்தலைவி விதியை வாசித்தார். பேனா என் பக்கம் நகர்ந்தது.

நான் போடவில்லை. இவளுக்கு வேறு இடத்தில் களப்பணி கொடுங்கள், மிச்சம் பதினைந்து அறிக்கையையும் அங்கிருந்து எழுதட்டும், அதுவரை இவள் முடிவை மட்டும் நிறுத்தி வையுங்கள் என்றேன். துறைத்தலைவி மறுக்கவில்லை. ஒரு காரணம் வேண்டும் என்றார். உடம்பு சரியில்லை என்று ஒரு சான்றிதழ் இருந்தாலும் போதும். இல்லையென்றால் உங்களுக்குத் தெரிந்த ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் மேடம், நேற்று நீங்கள்தானே கூடப் போனீர்கள் என்றார்.

நாக்கின் நுனியில் இருந்தது. ஒரே ஒரு வசனம் போதும், அந்த அறையில் எல்லோரும் உருகியிருப்பார்கள். நான் சொன்னது இது: "காரணம் சொன்னால்தான் இடம் மாற்றுவோம் என்டால், புண்ணை அவிழ்த்துக் காட்டினால்தான் மருந்து என்ட கதைதான். காட்ட முடியாத பிள்ளைகள்தான் பேசாமல் நின்டு போகுதுகள். என்ட ஊரில ஒண்டு அப்படிப் போச்சு."

ஜெயசீலன் சார் பொறுமையாகத்தான் கேட்டார். காரணமே இல்லாமல் மாற்றினால் நாளைக்கு வகுப்பு முழுக்க வந்து நிற்பார்களே என்றார். நிற்கட்டும், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கே நிறையத் தெரிய வரும் என்றேன். அவர் முகம் சிவந்தது. எனக்கும் கோபம் தலைக்கேறிவிட்டது. பேனாவை மூடி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நான் கையெழுத்துப் போடாவிட்டால் இருபத்தாறு பேரின் முடிவும் நிற்கும். அது மிரட்டல்தான், மறுக்கவில்லை. வெளியே வேலைக்கு ஆணை வாங்கி வைத்திருக்கும் பிள்ளைகள் காத்து நின்றார்கள், அவர்களையும் சேர்த்துத்தான் நிறுத்தி வைத்தேன்.

மேகலாவைக் கூப்பிடுங்கள் என்றார் துறைத்தலைவி. வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஜெயசீலன் சார் அந்த ஒன்பதாவது அறிக்கையைப் பிரித்தார். "மேகலா, அந்த அம்மா உன்னைப் பார்த்து ஒண்ணு கேக்குறாங்க. நீ ஏன் பதில் சொல்லல?"

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டீர்களா என்ற பார்வை. நான் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்தேன், அதைத் தவிர என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அவள் சாரின் பக்கம் திரும்பினாள்.

"அங்க இனிமே என்னால எழுத முடியாது சார். ஏன்னு கேக்காதீங்க. வேற எடம் குடுங்க, பதினஞ்சையும் எழுதறேன். குடுக்கலன்னா பரவால்ல, போயிடறேன்."

அழவில்லை, கெஞ்சவும் இல்லை. துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கொடுங்கையூரில் துப்புரவுப் பணியாளர் குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு அமைப்பு இருக்கிறது, திங்கட்கிழமை போய்ச் சேர் என்றார். காரணம் எழுதும் இடத்தில் 'துறையின் முடிவு' என்று அவரே எழுதினார். நான் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். ஜெயசீலன் சார் கடைசியாகப் போட்டார். மேகலா எல்லோருக்கும் சேர்த்து ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போனாள், என்னைத் தனியாகப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

எனக்கு அன்று மாலையே விமானம். ஆட்டோ வந்து நின்றது. பெட்டியை ஜெயசீலன் சார் தூக்கி வந்தார். வாசல் படியில் வைத்துவிட்டு நின்றார்.

"எனக்கு மட்டும் சொல்லுங்க மேடம். அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

எனக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டேன் என்றேன். ஏதோ ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளையும் நடத்துங்கள், யாரிடமும் போய்க் கேட்காதீர்கள் என்றேன். வெற்றி பெற்ற மிதப்பில் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் தலையாட்டினார். படியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையோடு அந்தத் தூசிப் படியில் அவர் உட்காருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"சுனாமி வந்தப்போ ரெண்டு வாரம் நான் சவக்கிடங்குல இருந்தேன் மேடம். பசங்கள அனுப்பச் சொன்னாங்க, நான் அனுப்பல, நானே போனேன். சொந்தக்காரங்க வருவாங்க. துணிய வெலக்கிக் காட்டுறது என் வேலை. அதுல குழந்தைங்கதான் ஜாஸ்தி. காலேஜ் தொறந்த அன்னிக்கு வந்து ஃபீல்டு வொர்க் லிஸ்ட் போட்டேன். இன்னி வரைக்கும் என்னை ஒருத்தர் ஒண்ணு கேக்கல."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஏர்போர்ட் போக ஒன்றரை மணி நேரமாகும், டோல்கேட் பக்கம் இப்போதே மாட்டிக்கொண்டிருக்கிறதாம் என்றார். நான் அவரைப் போகச் சொல்லிவிட்டேன். படியில் ஜெயசீலன் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கு நேரம் இருக்கு சார்" என்றேன்.

நேரம் இருக்கவில்லை. அவர் சொல்லத் தொடங்கினார்.